மச்சான் பேரில் போன கொட்டாப்புளிகள்

எங்கள் தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கினால், தூர்களை விறகுக்கென்று லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, கொடுத்துவிடுவார்கள். ஒரு தூர் ஓர் ஆள் சுமை இருக்கும். மண்ணுக்கு மேலே இடுப்பளவு நிற்கும் செடிக்கு மண்ணுக்குள் அவ்வளவு பெரிய உடம்பு இருப்பதைப் பிடுங்கிப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். கோடாரி லேசில் இறங்காது. பெண்கள் அதைத் திட்டிக்கொண்டேதான் சுமந்து வருவார்கள். ஆனால் ஒரு தடவை பற்றிவிட்டால் சோறும் கறியும் ஆகி, குளிக்கத் தண்ணீரும் காயும் வரைக்கும் நின்று எரியும். அதனால் மறுநாளும் திட்டிக்கொண்டே போய் எடுத்து வருவார்கள்.

அந்தத் தூரில் நான் கொட்டாப்புளி செய்தேன். தச்சன் உளியின் தலையில் அடிக்கிற மரச் சுத்தியலைத்தான் கொட்டாப்புளி என்கிறோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தச்சு வேலைக்குப் போனவன் நான். அங்கேயே இருந்துவிட்டேன். இற்றுப்போன பலகையை மாற்றுவது, கதவு ஜன்னலைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான் வேலை. கடையில் வாங்கிய கொட்டாப்புளி சில மாதத்தில் பிளந்துவிடும். தூரில் செய்தது பிளக்கவில்லை. தூரை மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, தலையைக் கடைந்து, துளை போட்டு, கொய்யாக் கட்டையில் பிடி இறக்கி, கண்ணாடித் துண்டால் சுரண்டித் தேங்காயெண்ணெய் பூசினால் பளபளவென்று இருக்கும். எனக்கென்று இரண்டு செய்துகொண்டேன். இன்னொன்றைத் தங்கையின் கணவருக்குக் கொடுத்தேன்.

அவரும் நானும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லயத்தில் கடைசி அறையில், காம்பராவில், நான், அடுத்த காம்பராவில் தங்கை குடும்பம், சாப்பாடு அங்கேதான். மச்சான் பண்டாரவளைக்காரர். கொழும்பில் ஹோட்டல் சமையலறை, பிறகு ஓடு விற்கும் கடை, பிறகு லொறியில் கூட்டாள் என்று எதிலும் ஒரு வருஷம் நிலைக்காமல், கடைசியில் ஹாலிஎல ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டினார். யாரோடும் பேசுவார். தமிழில் ஆரம்பித்துச் சிங்களத்துக்குப் போய் இங்கிலீஷில் முடிப்பார். எனக்கோ தெரியாத மனிதர் எதிரே வந்தால் வழியை மாற்றிக்கொண்டு போகும் பழக்கம். இன்றைக்கும் அது போகவில்லை.

நான் கொடுத்த கொட்டாப்புளியை அவர் ஆட்டோவில் போட்டு வைத்திருந்தார். மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க.

ஒரு நாள் ரயிலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரம்மா ஒருவர் அவருடைய ஆட்டோவில் ஏறினார். வயதானவர். மேட்டில் நிறுத்தி மச்சான் முட்டுக் கொடுத்ததும், அந்தம்மா இறங்கிப் போய்ச் சக்கரத்தடியில் குனிந்து பார்த்தாராம். முட்டுக் கட்டையை எடுக்கச் சொல்லி, கையில் வாங்கி, உள்ளங்கையில் தட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தாராம். அவரும் தச்சு வேலை செய்கிறவர். தன் ஊரில் சின்னக் கடை வைத்து, வெவ்வேறு நாட்டுக் கிராமங்களில் கையால் செய்த தச்சுக் கருவிகளை மட்டும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். இது யார் செய்தது, என்ன மரம் என்று கேட்டிருக்கிறார். "அவர் வீட்டுக்கே வாங்க" என்று மச்சான் அழைத்து வந்துவிட்டார்.

நான் காம்பராவின் பின்பக்கம் உட்கார்ந்து பிடி சுரண்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து வெள்ளை முகம் இறங்குவதைக் கண்டதும், கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் போய்விட்டேன்.

"மச்சான்! ஏய் மச்சான்! எங்க போயிட்டான் இந்த மனுசன்? இப்ப இங்கதான சொரண்டிக்கிட்டு இருந்தான்!"

"ஒங்களக் கண்டு ஓடல. அந்தம்மாவக் கண்டுட்டு ஓடிருச்சு," என்று தங்கை சிரிக்கும் சத்தமும் கேட்டது.

தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். எழுந்து போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனாலும் ஆட்டோ திரும்பிப் போகும் வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

சாயங்காலம் மச்சான் வந்து என் வாசலில் உட்கார்ந்தார்.

"ஏன் மச்சான் ஓடுன? அந்தம்மா ஒன்ன கடிச்சா தின்னுரும்?"

"என்னா பேசுறதுன்னு தெரியல."

"நீ பேசவே வேணாம். சும்மா நின்னா போதும். இப்ப பாரு, போட்டோவுல நான் கொட்டாப்புளியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பேரும் என் பேரத்தான் எழுதிக்கிட்டுப் போறாங்க. வங்கிப் புத்தகம், போன் எல்லாம் எங்கிட்டதான இருக்கு."

"அதுக்கென்னா. வீட்டுல யாரு பேரா இருந்தா என்னா."

"அதுவுஞ் சரிதான். ஒன் மூஞ்சியப் போட்டா ஒன்னுகூட விக்காது. என் மூஞ்சிதான் யாவார மூஞ்சி."

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்தப் பதில்தான் வாயில் வரும். செக்ரோலில், தோட்டத்துப் பேர்ப் பதிவில், ஒருவர் பேர் இருக்கும். வேலையை வீட்டில் இன்னொருவர் செய்துவிட்டு வருவார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் சித்திதான் அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய், அம்மா பேரில் கொழுந்து போட்டுவிட்டு வருவார். கங்காணிக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் விழுந்து நாள் சம்பளம் கணக்கானதா இல்லையா என்பதுதான் கேள்வி. யார் கை பறித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. மச்சான் தன் பேரைக் கொடுத்ததையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தச்சர்களுக்கு, கருவியோடு வரும் பேர் அதைச் செய்த ஆளுடைய பேராகத்தான் இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

முதலில் நான்கு அனுப்பினோம். பிறகு ஆறு ஆறாகப் போயின. அந்தம்மா ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். நிற்கிற மரத்தை இதற்காக வெட்டக் கூடாது. பிடுங்கிய தூரும், காற்றில் முறிந்த கொய்யாவும் எங்களுக்குக் குறைவில்லை. ஆபீசில் போய்த் தூர் எடுக்க அனுமதிக் கடிதம் வாங்குவது, மலையிலிருந்து சாக்கில் கொண்டு வருவது, கழுவிப் போட்டோ எடுத்து அனுப்புவது, பொதி கட்டிப் பதுளைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவது எல்லாம் மச்சான். நான் செய்தேன். லயத்துப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"என்னா பாஸு, இன்னைக்கு எந்தக் கப்பல்ல வெறகு ஏத்துறீங்க?" என்று அவரைக் கேட்பார்கள். எங்கள் பக்கம் தச்சனைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவது.

"ஒங்க வீட்டு அடுப்புல சாம்பலாப் போறது அங்க கண்ணாடி அலமாரியில இருக்குடீ," என்பார் மச்சான்.

"செதுக்குறது ஒரு ஆளு, போஸ் குடுக்குறது ஒரு ஆளு!"

அவர் கோபப்பட மாட்டார். தலையைச் சீவிவிட்டு இன்னொரு போஸ் கொடுத்துக் காட்டுவார்.

ஒவ்வொரு கொட்டாப்புளியோடும் அந்தம்மா ஓர் அட்டை வைத்து விற்றார். அதில் மச்சானின் படம், பேர், கீழே நாலு வரி. தன் முன்னோர் நட்ட தேயிலையின் வேரில் இவர் இந்தக் கருவிகளைச் செய்கிறார், இதற்காக உயிருள்ள மரம் எதுவும் சாகவில்லை என்று எழுதியிருப்பதாக மச்சான் வாசித்துச் சொன்னார். வாங்கியவர்கள் எழுதும் கடிதங்களை அந்தம்மா போனில் அனுப்புவார். கையில் இரண்டு விரல் இல்லாத ஒரு தச்சர், இந்தப் பிடி தன் மிச்ச விரல்களுக்குள் சரியாக வந்து உட்காருகிறது என்று எழுதியிருந்தார்.

"ஒனக்குத்தான் எழுதியிருக்கான் மச்சான். பேருதான் என் பேரு," என்றார் மச்சான். அன்றைக்கு ஸ்டோரில் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மனிதருடைய கை எப்படி இருக்கும் என்று என் விரல் இரண்டை மடக்கி வைத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு, செய்வதை வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று அந்தம்மா கேட்டார். மச்சானுக்கு உளியைப் பிடிக்கவே தெரியாது. சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். பெருவிரலில் அடித்துக்கொண்டார். முதலில் அவர் முகத்தை எடுத்தோம். அடுத்தது கை மட்டும். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் மாட்டினார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர், மாட்டி முடித்ததும் போனைக் கீழே வைத்தார்.

"மச்சான், இது நல்லா இல்ல. சொல்லிருவோம். அந்தம்மா நல்லவங்க. ஒன்னும் நெனைக்க மாட்டாங்க."

"வேணாம் மச்சான்."

"ஏன் வேணாங்குற?"

"அப்பறம் என்னய பேசச் சொல்லுவாங்க."

இதே பேச்சு இன்னும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அவர்தான் எடுத்தார். இரண்டு தடவையும் நான்தான் தடுத்தேன். இதை எழுதுவதற்கே அதுவும் ஒரு காரணம். அவர் மறைத்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மச்சான் இறந்தது ஒரு காலைப்பொழுதில். ஸ்டேஷனில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே கைப்பிடியில் சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசியிருக்கிறார்கள். ரயில் வந்து, ஆள்கள் இறங்கியும் அவர் எழும்பாததால்தான் தொட்டுப் பார்த்தார்களாம். பதுளைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஸ்டோருக்கு ஆள் வந்து என்னைக் கூப்பிட்டபோது நான் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்ன பிறகும், பாதியில் நின்ற அந்தப் பலகையை அறுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

கூட்டாளிகள் ஆட்டோவைக் கொண்டு வந்து லயத்தடியில் நிறுத்தினார்கள். பின்சீட்டில் பொதி இருந்தது. அன்றைக்குத் தபாலில் போடக் கட்டிய ஆறு கொட்டாப்புளிகள். மேலே அந்தம்மாவின் விலாசம், கீழே அனுப்புகிறவர் என்று அவர் பேர், அவருடைய சாய்ந்த எழுத்தில்.

கருமாதி முடிந்ததும் அந்தப் பொதியை நான் பதுளைக்குக் கொண்டுபோனேன். பிரித்து வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. தபால் கந்தோரில் நிறுத்துப் பார்த்துவிட்டு, அனுப்புகிறவர் பேரில் விரலை வைத்து, "இது நீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். பின்னால் ஆள்கள் வரிசையில் நின்றார்கள். தலையாட்டினேன். ஒரு கடுதாசியைத் தள்ளிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அவர் பேரை எழுதினேன். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி எழுத எனக்கு நேரம் எடுத்தது. வெளியே வந்து பஸ் நிலையம் வரைக்கும் நடந்த பிறகுதான் அழுகை வந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் படிப்பிக்கிறார். தங்கை கேட்டுக்கொண்டதால், மச்சானின் போனிலிருந்து அவர்தான் அந்தம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். நீண்ட பதில் வந்தது. தான் ஒரு நண்பரை இழந்துவிட்டதாக அந்தம்மா எழுதியிருந்தார். அவர் கையின் கடைசி ஆறும் வந்து சேர்ந்தன, அட்டையில் கறுப்புக் கரை போட்டு வைத்தேன், ஒரே நாளில் போய்விட்டன என்றும் எழுதியிருந்தார். வாங்கியவர்களில் சிலர், இதை இனி அடிக்கப் பாவிக்க மாட்டோம், அவர் நினைவாக அலமாரியில் வைப்போம் என்று சொன்னார்களாம்.

டீச்சர் வாசித்துச் சொல்லச் சொல்லத் தங்கை அழுதாள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடிக்கவில்லை. அடிப்பதற்குச் செய்தது அது. அலமாரியில் வைத்தால் காய்ந்து பிடி தளர்ந்துவிடும்.

அதோடு எல்லாம் நின்றுபோனது. ஆட்டோ லீசிங்கில் எடுத்தது, அதைக் கொண்டுபோய்விட்டார்கள். தங்கை முன்பு போலவே கொழுந்துக்குப் போனாள். ஆனால் அவள் கூடையும் என் கூலியும் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் பார்க்கப் போதவில்லை. கறி இல்லாத நாள்கள் வந்தன. என் காம்பராவிலோ உலர்ந்த தூர் மூன்று சாக்கு இருந்தது. நான் செய்யலாம். செய்தால் வாங்க அங்கே ஆள் இருக்கிறது. செய்தவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்த இரண்டு விரல் இல்லாத தச்சருக்காவது என்னைத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. மச்சான் இருந்த காலத்தில் அந்த ஆசை வந்ததில்லை.

டீச்சரிடம் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு தடவை பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை டீச்சரே கண்டு கூப்பிட்டுவிட்டார். பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்த கொட்டாப்புளியை மேசையில் வைத்தேன்.

"என்ன அண்ணை இது? அவர் செய்து வைச்சதோ?"

"இல்லீங்க டீச்சர். நான் செஞ்சது. எல்லாமே நான்தாங்க செஞ்சது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. வீடியோவைப் பற்றியும் சொன்னேன். கைக்கடிகாரத்தை மாட்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"பேசத் தெரியாதுங்க."

"இப்ப என்னோட கதைக்கிறியள்தானே," என்றார் டீச்சர். பிறகு கொட்டாப்புளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதலாம். ஆனால் அந்த மனுசி கறுப்புக் கரை போட்டு வித்திருக்கு. ஆக்கள் அவர் செய்ததெண்டு நினைச்சு வாங்கியிருக்கினம். இப்ப இதை எழுதினால், அவர் தங்களை ஏமாத்தினதாத்தான் நினைப்பினம். உங்களை இல்லை, அவரை. முதல்ல தங்கச்சியைக் கேளுங்கோ."

தங்கையை நான் கேட்டது பீலிக்கரையில். தண்ணீர் பிடிக்க வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"வேணாண்ணே," என்றாள்.

"வீட்டுக்குத்தான சொல்றேன். புள்ளைகளுக்கு..."

"தெரியுது. வேணாம்."

"நான் என்னா பொய்யா சொல்லப்போறேன்?"

"நீ சொல்றது உண்மைதான். யாருக்குத் தெரியாது? லயம் பூராவும் தெரியும். ஆனா பண்டாரவளையில தெரியாது. அவுக அம்மா வீட்டுல அந்த அட்டையக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. அந்த வீட்டுல அவர ஒரு மனுசனா மதிச்சதே அந்த அட்டை வந்தப்பறம்தான். அதுக்கு முன்னுக்கு வாயாடி, வெறும் பய, எங்க போனாலும் வெரட்டி விடுவாங்கன்னு அண்ணன் தம்பிக எல்லாம் என் மூஞ்சிக்கு நேராவே பேசுவாங்க. அவுக அம்மாவும் பேசாம கேட்டுக்கிட்டு இருக்கும். எழவு வீட்டுல அவுக அம்மா என்னா சொல்லி அழுதுச்சுன்னு கேட்டியா? கை வேலைக்காரன் போயிட்டானேன்னு அழுதுச்சு."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"செத்துப்போனவர பொய்க்காரராக்காதண்ணே. நான் கொழுந்து பறிச்சுப் பாத்துக்கிறேன். அவரு செஞ்சதுன்னே இருக்கட்டும்."

சரி என்றேன். இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தால், சிரித்துக்கொண்டே அவரே சொல்லி முடித்திருப்பார். என் கூச்சத்தால் தள்ளிப்போனது, இப்போது சொல்லவே முடியாத ஒன்றாகிவிட்டது.

டீச்சரிடம் திரும்பப் போய், வேண்டாம் என்றேன். அவர் யோசித்துவிட்டு வேறொரு வழி சொன்னார். "அவரோட நிண்டு உதவி செய்தவர், இப்ப தானே செய்து பாக்கிறார் எண்டு எழுதட்டே? பொய்யும் இல்லை, அவருக்குக் குறையும் இல்லை." தங்கையும் அதற்கு ஒத்துக்கொண்டாள். அப்படியே எழுதினார். முதலில் இரண்டு அனுப்புங்கள், பார்க்கிறேன் என்று அந்தம்மா பதில் போட்டார்.

வீட்டிலிருந்த தூர்களைத் தொட எனக்கு மனமில்லை. மச்சான் சுமந்து வந்தவை அவை. ஸ்டோருக்குக் கீழே சரிவில் சில மாதம் முன் பிடுங்கிப் போட்டிருந்த குவியலில் காய்ந்திருந்ததாகப் பார்த்து நானே இரண்டை எடுத்து வந்தேன். இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. பிடியை மூன்று தடவை சுரண்டினேன். பொதியின் மேல் அனுப்புகிறவராக என் பேரை எழுதினேன். முதல் தடவை.

பதில் வந்த அன்று டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வாசிக்கத் தொடங்கிவிட்டு, "அண்ணை, உள்ளதை உள்ளபடி வாசிக்கட்டே?" என்று கேட்டார். வாசிக்கச் சொன்னேன்.

பிடி மிக நன்றாக இருக்கிறது, அவருடைய பிடியேதான், அதை அவரிடம் நன்றாகப் பழகியிருக்கிறீர்கள் என்று அந்தம்மா எழுதியிருந்தார். ஆனால் தலை சரியில்லை. பாரம் குறைவு. உளியில் அடித்தால் சத்தம் உள்ளே வெற்றுக் கோறையாகக் கேட்கிறது. அவர் அனுப்பியவற்றில் ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை. மரத்தைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது, அது உங்களுக்கும் வரும், அவசரப்பட வேண்டாம். இப்போதைக்கு இவற்றை விற்க முடியாது. இன்னும் செய்து பழகிவிட்டு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதென்ன அநியாயம்! நீங்கள் செய்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் உங்களுக்கே..."

"இல்லீங்க டீச்சர். அவங்க சொல்றது சரிதாங்க."

அதை நான் சும்மா சொல்லவில்லை. வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சானோடு தூர் எடுக்க நான் இரண்டொரு தடவை மலைக்குப் போயிருக்கிறேன். கீழே ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடக்கும். அதைத் தொட மாட்டார். மேலே கல் முளைத்த பக்கம் ஏறி, ஒவ்வொரு தூரையும் குதிகாலால் உதைத்துக் கேட்பார். நாற்பதை உதைத்து மூன்றை எடுப்பார். சுமக்கச் சோம்பல், அதற்காகப் பாவனை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் நிற்பேன். செய்து கொடுத்ததிலும் சிலதைக் கையில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம் மச்சான், இது பேச மாட்டேங்குது," என்று தள்ளி வைத்துவிடுவார். தங்கை அதை அடுப்பில் போடுவாள். உளி பிடிக்கத் தெரியாத ஆளுக்கு இதில் என்ன தெரியும் என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிறையப் பேசியிருப்பார்.

லயத்துக்குத் திரும்பினேன். தங்கை வாசலில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் என்னாண்ணே சொன்னாங்க?"

"பிடி நல்லா இருக்காம். மரந்தான் சரியில்லையாம். மச்சான் அனுப்புன மாதிரி வரலையாம். இன்னும் பழகணுமாம்."

கீரையை முறத்தில் வைத்தாள். "அப்பிடியா எழுதியிருக்கு? அவரு மாதிரி வரலன்னா?"

"ஆமா."

"இன்னொருக்கா சொல்லுண்ணே."

சொன்னேன். கருமாதிக்குப் பிறகு அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. உள்ளே போய் மச்சானின் போனை எடுத்துப் பண்டாரவளைக்குப் போட்டாள்.

"அத்த, நான்தான். சாப்பிட்டீங்களா? ஒன்னு சொல்லணும். அந்த வெள்ளக்காரம்மா கடுதாசி போட்டிருக்காங்க. ஒங்க மகன் அனுப்புன மாதிரி வரலையாம். ஆமாங்கத்த. எங்கண்ணன் செஞ்சு அனுப்பிப் பாத்துச்சு. வரலன்னு எழுதிட்டாங்க. இருங்க, அண்ணன் பக்கத்துலதான் இருக்கு. அதுகிட்டயே கேளுங்க."

போனை என் கையில் வைத்துவிட்டாள். நான் போனில் பேசிப் பழகாதவன். காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி, இருக்கீங்களா? நெசமாவா அப்பிடி எழுதியிருக்காங்க?"

"ஆமாங்க அத்த."

"நீங்க தச்சு வேலக்காரராச்சே. ஒங்களுக்கே வரலையா?"

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரலங்க," என்றேன். "மச்சான் பாத்து எடுக்குற மாதிரி எனக்கு வரலங்க."